மருந்துக்கு அடங்காத வலிப்பும் அறுவைச் சிகிச்சையும்

ரயில் நிலையத்திலோ சந்தையிலோ ஒருவர் திடீரென்று கீழே விழுந்து, கைகால்கள் வெட்டி இழுக்க, வாயில் நுரை தள்ளக் கிடக்கும் காட்சியை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். உடனே கூட்டம் கூடுகிறது. ஒருவர் சாவிக்கொத்தைத் தேடி எடுத்து அவர் கையில் திணிக்கிறார். செருப்பை முகரச் செய்வாரும் உண்டு. வெங்காயத்தைக் கசக்கி மூக்கருகே பிடிப்பாரும் உண்டு. இரண்டொரு நிமிஷத்தில் வலிப்பு தானாகவே அடங்கிவிடுகிறது. அடங்கிய பெருமை சாவிக்கும் செருப்புக்கும் போய்ச் சேர்கிறது. கூட்டம் கலைகிறது. ஆனால் விழுந்து எழுந்தவருடைய கதை அத்துடன் முடிவதில்லை. அடுத்த வலிப்பு எப்பொழுது வருமோ, எங்கே வருமோ என்ற கவலையுடன் அவர் வீடு திரும்புகிறார். அவ்வாறு திரும்புவோருள் மருந்தினால் பலன் காணாத ஒரு பகுதியினருக்கு வைத்திய சாஸ்திரம் வேறொரு வழியையும் திறந்து வைத்திருக்கிறது. அவ்வழியைப் பற்றியே இன்று சிறிது விரிவாகப் பேச எண்ணுகிறோம்.

வலிப்பு என்பது யாது? நமது மூளையில் உள்ள கோடிக்கணக்கான நரம்பணுக்கள் மிக நுண்ணிய மின்னோட்டத்தினால் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக் கொள்கின்றன. நல்லதொரு சபையில் ஒருவர் பேச மற்றவர் கேட்பதுபோல, அந்தச் செய்திப் பரிமாற்றத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அவ்வொழுங்கு குலைந்து, ஏராளமான அணுக்கள் ஒரே சமயத்தில் கூக்குரலிடத் தொடங்கினால் அதுவே வலிப்பாக வெளிப்படுகிறது. இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை; முன்வினைப் பயனும் இல்லை. இது பைத்தியமும் அன்று, தொற்றுநோயும் அன்று. உலகில் சுமார் 5 கோடி மக்கள் இந்நோயுடன் வாழ்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நம் பாரத நாட்டில் மட்டும் அத்தொகை ஒரு கோடி அளவில் இருக்குமென்று மதிப்பிடப்படுகிறது.

வலிப்புகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. சிலருக்கு ஆரம்பத்திலேயே மூளை முழுவதும் பாதிக்கப்படுகிறது. வேறு சிலருக்கு மூளையின் ஏதேனும் ஒரு சிறு இடத்தில் குழப்பம் தோன்றி, அங்கேயே நின்றுவிடுகிறது. அல்லது அங்கிருந்து மற்ற இடங்களுக்குப் பரவுகிறது. இரண்டாம் வகையில் நோயாளி கீழே விழாமலும் இருக்கலாம். பேசிக்கொண்டிருந்த பெண் சட்டென்று பேச்சை நிறுத்தி, வெறித்துப் பார்த்து, எதையோ சுவைப்பதுபோல் வாயை அசைத்து, புடவைத் தலைப்பை விரல்களால் பிசைந்துகொண்டிருப்பாள். ஒரு நிமிஷம் கழித்து நினைவு திரும்பும். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. வீட்டார் இதனைப் பிடிவாதம் என்றோ, பராக்கு என்றோ, தெய்வக் குற்றம் என்றோ பல காலம் எண்ணிக்கொண்டிருப்பார்கள். அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசும்பொழுது இந்த இரண்டாம் வகையே முக்கியமானது. குழப்பம் ஓரிடத்தில் பிறக்கிறது என்றால், அந்த இடத்தைக் கண்டுபிடித்து அகற்ற முடியுமா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது அல்லவா?

அதற்கு முன் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தக்க மருந்தை ஒழுங்காக உட்கொள்வதாலேயே வலிப்பின்றி வாழ முடியும். ஆகவே எல்லோருக்கும் முதற் சிகிச்சை மாத்திரையே. எஞ்சிய மூன்றில் ஒரு பங்கினரிடமே சங்கடம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு கிளாஸ்கோ நகரிலிருந்து வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்கிற்று. புதிதாக நோய் கண்டவர்களில் 47 சதவீதத்தினர் முதல் மருந்திலேயே குணமடைந்தனர். இரண்டாவது மருந்தில் மேலும் 13 சதவீதத்தினருக்குப் பலன் கிடைத்தது. அதற்குப் பிறகு மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் பலன் பெற்றவர்கள் மிகச் சிலரே. இத்தகைய அனுபவங்களை ஆதாரமாகக் கொண்டு, 2010ஆம் ஆண்டில் சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புச் சங்கம் ஓர் இலக்கணம் வகுத்தது. தகுந்தபடி தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் முறையாக உட்கொண்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அது மருந்துக்கு அடங்காத வலிப்பு எனக் கொள்ளப்படும்.

இவ்விலக்கணத்தில் ‘முறையாக’ என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். வேளை தவறி மாத்திரை உண்பவருக்கும், வலிப்பின் வகைக்குப் பொருந்தாத மருந்தை உண்பவருக்கும், வலிப்பே அல்லாத மயக்கத்தை வலிப்பென்று எண்ணி மருந்துண்பவருக்கும் நோய் அடங்காததில் வியப்பில்லை. ஆதலால் நிபுணர்கள் முதலில் இவற்றையெல்லாம் விசாரித்துத் தெளிகிறார்கள். அதன் பின்னும் வலிப்பு நீடித்தால், மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது மருந்தென்று ஆண்டுகளைக் கழிப்பது தகாது. அறுவை உதவுமா என்று ஆராயும் நிலையத்துக்கு நோயாளியை அனுப்புவதே முறை.

வலிப்புடன் எப்படியோ காலந்தள்ளலாமே, மண்டையைத் திறப்பானேன் என்று சிலர் கேட்கக்கூடும். அடங்காத வலிப்பு சும்மா இருப்பதில்லை என்பதே அதற்கு விடை. அடுப்பருகே விழுந்து வெந்தவர்கள் உண்டு; குளத்திலும் கிணற்றிலும் மூழ்கியவர்கள் உண்டு. நோய் அடங்காத சிலர் உறக்கத்தில், வேறு காரணம் எதுவும் காணப்படாமலே, திடீரென இறந்துபோவதும் உண்டு. படிப்பு பாதியில் நிற்கிறது, வேலை போகிறது, ஞாபக சக்தி குன்றுகிறது. இழப்பு நோயாளியோடு நிற்பதில்லை. அவரைத் தனியே விட அஞ்சி வீட்டிலுள்ள மற்றொருவரும் வேலைக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்.

மூளையில் அறுவை செய்து வலிப்பை நீக்கும் முயற்சி நேற்று தொடங்கியதன்று. 1886ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் விக்டர் ஹார்ஸ்லி என்னும் சஸ்திர வைத்தியர் இத்தகைய அறுவையைச் செய்தார். அக்காலத்தில் மூளைக்குள் பார்க்கும் கருவி எதுவும் இல்லை. வலிப்பு உடலின் எப்பகுதியில் தொடங்குகிறது என்பதை வைத்தே மூளையில் இடத்தை அனுமானிக்க வேண்டியிருந்தது. 1929இல் ஜெர்மானியரான ஹான்ஸ் பெர்கர், மனித மூளையின் மின்னலைகளைத் தலையின் மேலிருந்தே பதிவு செய்ய முடியும் என்று வெளியிட்டார். ஈ.ஈ.ஜி. என்று இன்று நாம் வழங்கும் சோதனை அதுவே. பின்னர் கனடா நாட்டு மான்ட்ரியால் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு, நோயாளி விழித்திருக்கும்பொழுதே மூளையைத் திறந்து, மெல்லிய மின்னோட்டத்தால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்து, பேச்சுக்கும் கைகால் அசைவுக்கும் உரிய பகுதிகளைக் காத்துக்கொண்டு அறுவை செய்தார். மூளைக்கு வலியுணர்ச்சி இல்லையாதலால் இது சாத்தியமாயிற்று.

அந்தப் பென்ஃபீல்டிடம் பயின்றவர் ஜேக்கப் சாண்டி. அவர் 1949இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு அறுவைத் துறையைத் தோற்றுவித்தார். இந்தியாவில் வலிப்பு நோய்க்கான அறுவைச் சிகிச்சை 1952ஆம் ஆண்டில் அங்கேதான் தொடங்கியது. மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளில் மட்டுமே நடக்கும் விந்தை என்று கருதப்பட்ட ஒன்று, சுதந்திரம் பெற்ற ஐந்தாண்டுகளில் நம் நாட்டிலும் நடந்தது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. 1995இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் கே. ராதாகிருஷ்ணன் முதலியோரின் முயற்சியால் வலிப்பு நோய்க்கென்றே விரிவான திட்டம் ஒன்று உருவாயிற்று. விலை உயர்ந்த சாதனங்கள் அனைத்தும் இருந்தால்தான் இவ்வறுவை முடியும் என்பதில்லை. நோயாளியைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தால், குறைந்த செலவிலேயே பலருக்கு நற்பலன் தரலாம் என்பதை அத்திட்டம் மெய்ப்பித்தது. இன்று டில்லி, பெங்களூர், மும்பை முதலிய நகரங்களிலும் இச்சிகிச்சை நடைபெறுகிறது.

அறுவைக்கு முந்திய ஆராய்ச்சி, அறுவையைக் காட்டிலும் நீண்டது. நோயாளியைச் சில நாள் ஆஸ்பத்திரியில் தங்கவைத்து, இரவும் பகலும் ஈ.ஈ.ஜி.யுடன் கூடவே காமிராவினால் படமும் எடுக்கிறார்கள். மருந்தின் அளவை மருத்துவர் மேற்பார்வையில் குறைத்து, வலிப்பு வருவதற்காகக் காத்திருக்கிறார்கள். வலிப்பு வராதிருக்க வேண்டி நின்ற குடும்பத்துக்கு, வலிப்பு வருவதற்காகக் காத்திருப்பது விசித்திரமாகத் தோன்றும். ஆயினும் அது எங்கே பிறக்கிறது என்பதற்கு அந்தப் பதிவே நேர்ச் சாட்சி. பின்னர் எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படத்தினால் மூளையின் உள்ளமைப்பை ஆராய்கிறார்கள். பிறவியிலேயே ஏற்பட்ட அமைப்புக் கோளாறோ, சிறு கட்டியோ, பழைய காயத்தின் தழும்போ, நாடாப்புழுவின் முட்டை உடலுள் புகுந்து மூளையில் தங்கிச் சுண்ணாம்பாக இறுகிய கொப்புளமோ அதில் புலப்படலாம். ஞாபகம், பேச்சு ஆகியவற்றின் வலிமையை மனநூல் நிபுணர் சோதிக்கிறார். இறுதியில் நரம்பு வைத்தியர், சஸ்திர வைத்தியர், படங்களைப் படித்துரைக்கும் நிபுணர், மனநூல் நிபுணர் எல்லோரும் ஒன்றுகூடி ஆலோசிக்கிறார்கள். சாட்சிகள் அனைத்தும் ஒரே இடத்தைச் சுட்டினால், அந்த இடத்தை அகற்றுவதால் பெரிய ஊனம் நேராது என்பதும் உறுதியானால், அறுவைக்கு இசைவு தருகிறார்கள். சாட்சிகள் முரண்பட்டால் மண்டையோட்டுக்குள் மின்முனைகளைச் செலுத்தி மேலும் ஆராய்வதுண்டு. அறுவை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதும் உண்டு.

அறுவைகளில் பல வகை உண்டு. பெரியவர்களிடம் மிகுதியாகச் செய்யப்படுவது காதுக்கு உட்புறமாக அமைந்த பொட்டு மடலில் செய்யும் அறுவை. அம்மடலின் உள்ளே கடற்குதிரை போன்ற வடிவுடைய ஒரு சிறு பகுதி இருக்கிறது. நினைவைப் பதியவைப்பது அதன் வேலை. குழந்தைப் பருவத்தில் காய்ச்சலோடு நெடுநேரம் வலிப்பு கண்ட சிலருக்கு அப்பகுதி சுருங்கி இறுகி, பிற்காலத்தில் வலிப்பின் ஊற்றாகிவிடுகிறது. அதை அகற்றினால் பெரும்பாலோருக்கு நல்ல பலன் கிடைக்கிறது. கட்டியோ தழும்போ காரணமானால் அதனை மட்டும் எடுப்பது மற்றொரு வகை. மூளையின் ஒரு பாதி முழுவதும் கெட்டு, இடைவிடாத வலிப்பால் வாடும் குழந்தைகளுக்கு, அந்தப் பாதியை நல்ல பாதியிலிருந்து தொடர்பறுத்து விடுகிறார்கள். கேட்பதற்கு அச்சந்தரும் இச்சிகிச்சைக்குப் பின்னும் குழந்தைகள் நடக்கிறார்கள், பேசுகிறார்கள். இளம் மூளையின் நல்ல பாதி மற்றதன் வேலைகளில் பலவற்றை ஏற்றுக்கொள்கிறது.

ஊற்றை அகற்ற இயலாதபோது வேறு உபாயங்கள் உள்ளன. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தைத் துண்டித்தால், திடீரென வேரற்ற மரம்போல் விழும் வலிப்புகள் குறைகின்றன. கழுத்தின் வழியே செல்லும் வேகஸ் நரம்பை, மார்புத் தோலுக்கடியில் பதித்த சிறு மின்கருவியால் தூண்டும் முறை 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூளையின் ஆழத்தில் மின்முனை பதித்துத் தூண்டும் முறையும் இன்று வழக்கில் உள்ளது. இவை வலிப்பைக் குறைப்பவையே அன்றி, பெரும்பாலும் அறவே நீக்குபவை அல்ல.

பலன் எவ்வளவு? கனடாவில் நடந்து 2001ஆம் ஆண்டில் வெளியான சோதனையில், பொட்டு மடல் வலிப்புள்ள 80 பேரை இரு சம பிரிவுகளாக்கி, ஒரு பிரிவினருக்கு அறுவையும் மற்றவர்களுக்கு மருந்தும் அளித்தார்கள். ஓராண்டு முடிவில் நினைவிழக்கும் வலிப்பு நின்றவர்கள் அறுவைப் பிரிவில் 58 சதவீதம். மருந்துப் பிரிவில் 8 சதவீதம். குழந்தைகளைப் பற்றிய முக்கியமான சோதனை நம் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்திலேயே நடந்து, 2017இல் வெளியாயிற்று. அதில் 18 வயது வரையுள்ள 116 பேர் பங்கு கொண்டனர். அறுவை பெற்ற 57 பேரில் 44 பேருக்கு ஓராண்டு முடிவில் வலிப்பு நின்றிருந்தது. அறுவைக்கான வரிசையில் காத்திருந்து மருந்து மட்டும் உண்ட 59 பேரில் நால்வருக்கே அந்தப் பாக்கியம் கிட்டியது.

நன்மையை மட்டும் சொல்லி அபாயத்தை மறைப்பது நேர்மையாகாது. டில்லிச் சோதனையில் அறுவை பெற்ற 19 குழந்தைகளுக்குக் கடுமையான பக்கவிளைவுகள் நேர்ந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஒருபுறக் கைகால் பலவீனம். பொட்டு மடல் அறுவைக்குப் பின் சிலருக்குப் பார்வையின் மேற்புறத்தில் ஒரு மூலை மங்குவதுண்டு. சிலருக்குப் பெயர்களும் சொற்களும் சட்டென நினைவுக்கு வாராமல் தடுமாற்றம் ஏற்படுவதுண்டு. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்னும் இளைஞருக்கு இருபுறத்துக் கடற்குதிரைப் பகுதிகளையும் எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் 2008இல் இறக்கும்வரை, புதிதாக நேர்ந்த எதனையும் மனத்தில் இருத்திக்கொள்ள அவரால் முடியவில்லை. அந்தப் பிழை வைத்திய உலகுக்கு என்றும் மறவாத பாடமாயிற்று. அதன் பின் இருபுறமும் எடுக்கும் அறுவை கைவிடப்பட்டது. இன்று அறுவைக்கு முன் ஞாபக சக்தியை இவ்வளவு நுணுகிச் சோதிப்பதன் காரணமும் இதுவே.

இனி, இத்தகைய குடும்பம் ஒன்றை உதாரணமாகக் கற்பனை செய்து பார்ப்போம். எட்டு வயதில் தொடங்கிய வலிப்புடன் இருபது வயது வரை வளர்ந்த பெண். மூன்று மருந்துகள் பலன் தரவில்லை. ஆராய்ச்சி எல்லாம் முடிந்து, அறுவை செய்யலாம் என்று டாக்டர் சொல்கிறார். தாய் தயங்குகிறாள். “டாக்டரய்யா, பெண் பிள்ளை. தலையைத் திறந்தார்கள் என்று தெரிந்தால் நாளைக்கு யார் வந்து கட்டுவார்கள்?” என்கிறாள். டாக்டர், “உங்கள் பயம் நியாயமானதுதான், அம்மா. ஆனால் இன்றைக்கு இருப்பதும் பயமில்லாத வாழ்வு அல்லவே. உங்கள் மகளையும் ஒரு வார்த்தை கேளுங்கள்” என்கிறார். இத்தனை நேரம் பேசாதிருந்த பெண், “அம்மா, குளிக்கப் போகும்போது கதவைத் தாழிட்டுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது” என்று மட்டும் சொல்கிறாள். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தாழிடாத கதவு அது. உள்ளே விழுந்தால் ஓடிப்போய்த் தூக்க வேண்டுமே என்று தாயே தாழை எடுத்துவிட்டிருந்தாள்.

இவ்வாறு தீர்மானம் செய்யும் உரிமை, உண்மை முழுவதையும் அறிந்த நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் உரியது. அறுவைதான் செய்துகொள்ள வேண்டும் என்று நாம் யாரையும் வற்புறுத்தவில்லை. ஆனால் அப்படி ஒரு வழி உண்டு என்பதே தெரியாமல் காலம் கழிந்துவிடக் கூடாது. வசதி மிகுந்த மேல்நாடுகளிலேயே, நோய் தொடங்கி அறுவைக்கு வந்து சேர ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழிந்துவிடுவதாக ஆராய்ச்சிகள் கூறுகின்றன. அதற்குள் பள்ளிப் பருவமும் வேலை தேடும் பருவமும் போய்விடுகின்றன. பின்னர் வலிப்பு நின்றாலும் போன ஆண்டுகள் திரும்புவதில்லை.

அறுவை முடிந்தவுடன் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று எண்ணுவது தவறு. மருத்துவர் சொல்லும் காலம் வரை மருந்து தொடர வேண்டும். பின்பு சிறுகச் சிறுகக் குறைப்பதா, வேண்டாமா என்பதை அவரே தீர்மானிப்பார். சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து வலிப்பு மீண்டும் தலைகாட்டுவதும் உண்டு. வலிப்பு நின்றவருக்குப் படிப்பும் தொழிலும் தோழமையும் கிடைக்க வழிசெய்வது குடும்பத்தின் கடமை, சமூகத்தின் கடமையுங்கூட. 1955ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டம், அடிக்கடி வலிப்பு காண்பதையும் திருமணத்துக்குத் தடையாகக் கூறியிருந்தது. 1999இல் பார்லிமெண்டு அவ்வார்த்தைகளை நீக்கிவிட்டது. சட்டம் மாறிவிட்டது, நம் மனமும் மாற வேண்டும்.

முடிவாக இரண்டு விஷயங்களை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம். ஒன்று, வலிப்பு கண்டவர் கையில் சாவியைத் திணிக்க வேண்டாம். வாயில் எதையும் வைக்க வேண்டாம். அசைவை அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம். கூரிய பொருள்களை அப்புறப்படுத்தி, தலைக்கடியில் மெத்தென்ற துணியை வைத்து, இழுப்பு நின்றவுடன் ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. மற்றொன்று, முறையாக உட்கொண்ட இரண்டு மருந்துகளுக்கும் வலிப்பு அடங்கவில்லை என்றால், “அறுவைச் சிகிச்சை இவருக்கு உதவுமா என்று ஆராயலாமா?” என்று மருத்துவரைக் கேளுங்கள். உதவாது என்ற விடையே வந்தாலும் நஷ்டம் ஒன்றுமில்லை. உதவும் என்ற விடை வருமாயின், பல ஆண்டுகளாகத் தாழிடாத ஒரு கதவை ஒரு பெண் நிம்மதியாகத் தாழிட்டுக்கொள்ள அந்தக் கேள்வியே வழி செய்ததாகும்.